கோரைப்பள்ளத்தை மேடாக்கியவர்கள்

என் மாமா வீட்டுத் தறியில் ஓர் அரசாங்க ஊழியர் உட்கார்ந்ததை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பாதி நெய்த மாம்பழ மஞ்சள் சேலை முன்னால் விரிந்திருக்க, புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் தறிக்குழிக்குள் தொங்கவிட்டு, குழியின் மண்சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தார் ஓவர்சியரம்மா. நெசவு செய்பவர் கால் வைத்து மிதிப்பதற்கான குழி அது. வீட்டின் தரையை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் அந்தக் குழி தெருவைவிடப் பள்ளமாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் வாசற்படி ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே அதன் அடியில் ஊறி வந்துவிடும். வேற்றாள் தறியில் உட்கார்ந்ததில் மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஓவர்சியரம்மா அதைக் கவனிக்கவே இல்லை. ஈரமண் ஒட்டிய விரலை என்னிடம் நீட்டி, "டிரேசர் சார், எழுதிக்குங்க. முட்டிக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் தண்ணி ஏறி எறங்கியிருக்குது" என்றார். பிறகு அடுத்த வீட்டுக் குழியைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்: கூட வேலை பார்த்தவரின் நேர்மை, சுறுசுறுப்பு, சிரித்த முகம். எனக்கு அது வரவில்லை. பேனாவை எடுத்தாலே கோபம்தான் பொத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கவுன்சிலர் மேல், காலையில் கையை வீசி நடக்கிற கூட்டத்தின் மேல், என் சொந்தத் தெருக்காரர்கள் மேல். என் மேல் வருகிற கோபத்தை அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன். அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடமாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்துக் கோபுரம் தெரிகிற தூரத்தில், ஊர் முடிந்து வேகவதி ஆற்றுப் பக்கம் நிலம் சரிகிற இடத்தில், ஒரு சின்ன அலுவலகத்தில் நான் டிரேசராக இருந்தேன். பொறியாளர்கள் பென்சிலில் போட்டுத் தரும் வரைபடத்தின் மேல் கண்ணாடிபோன்ற தாளை விரித்து, மையால் படியெடுப்பது என் வேலை. கோடு பிசகக்கூடாது, எண் பிசகக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது. ஓவர்சியரம்மா எங்களிடம் மாற்றலாகி வந்தபோது என்னைவிட இரண்டு வயது இளையவர். மொபெட்டின் பின்னால் மட்டம் பார்க்கிற கருவிப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவார். ஓவர்சியர் என்றால் கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த அளவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர் என்று பழகிப்போன அலுவலகம் அது. வெயிலில் நின்று தானே அளவெடுக்கிற ஒருத்தியைப் பார்த்ததும் அவர்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது.

என் மாமா இருந்தது நடுத்தறித் தெரு. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தறி. தெரு சரிந்து போய் முடிகிற இடத்தில் கோரைப்பள்ளம். ஒரு காலத்தில் சுற்றிலுமுள்ள ஏழெட்டுத் தெருவின் மழைத் தண்ணீரும் அதில்தான் போய் விழும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இடித்த வீடுகளின் செங்கல்லையும் குப்பையையும் கொட்டிப் பாதியை மூடியிருந்தார்கள். மீதியில் கோரை மண்டிக் கிடந்தது. அதன் ஓரத்தில்தான் மாமா போன்றவர்கள் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். பாவு என்பது சேலையின் நீளவாட்டு நூல். அதை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் காயவைத்துச் சுருட்ட வேண்டும். தெருவில் வண்டி போக்குவரத்து கூடிப்போனதால் அவர்களுக்கு வேறு இடமில்லை. ஐப்பசியில் நாலு நாள் நல்ல மழை பிடித்தால் பள்ளத்தில் கொள்ளாத தண்ணீர் தெருவுக்குத் திரும்பும், தறிக்குழிகள் நிரம்பும், பதினைந்து இருபது நாள் வேலை நிற்கும்.

கவுன்சிலருக்கு வார்டில் ஒரு பார்க் வேண்டும், அதில் ஒரு நீரூற்று வேண்டும். பெரிய அதிகாரிக்கு வடிகால் வேலை ஒன்று காட்ட வேண்டும். ஓவர்சியரம்மா இரண்டையும் ஒரே பள்ளத்தில் போட்டார். "ரெண்டுக்கும் எடம் ஒண்ணுதான் சார். மழை நாள்ல தண்ணிக்கு, மத்த நாள்ல ஜனத்துக்கு" என்று அவர் சொன்னபோது நான் வரைபலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கொட்டிய இடிபாட்டை வாரி எடுத்துவிட்டு, பள்ளத்தை இன்னும் இடுப்பளவு தோண்டுவது. நாலு பக்கமும் புல் வளர்த்த அகலப் படிகள். கரைமேல், தெரு மட்டத்தில், சுற்றிவர நடைபாதை. அதன் ஓரமெல்லாம் தண்ணீர் நின்றாலும் அழுகாத நீர்மருதும் புங்கமும். அடியில், ஒரு பாவு முழுதாக நீட்டுகிற நீளத்துக்கு, மட்டமான திடல். தெருக்களின் மழைநீர்க் கால்வாய் நேராக உள்ளே வந்து விழும். மறுகோடியில் ஒரு சின்ன மதகு வழியாக இரண்டு மூன்று நாளில் மெதுவாக ஆற்றுக்கு வடிந்துவிடும். அந்தத் திடலின் நீளத்தை முடிவு செய்வதற்காக மாமா பாவு நீட்டிய ஒரு காலையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவரே வந்து நின்றார். தறியில் உட்கார்ந்ததற்காகக் கோபித்த அதே மாமா, "பாவுக்கு எடம் உட்டு பிளான் போட்ட மொத ஆபீசர் நீதாம்மா" என்று சொல்லித் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தார்.

பூங்கா என்ற சொல் தலைப்பில் இருந்ததால் கவுன்சிலர் கை தூக்கினார். வடிகால் என்ற சொல் இரண்டாம் வரியில் இருந்ததால் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டார். மழையில் இந்த இடம் நிரம்பி நிற்கும் என்ற மூன்றாம் வரியை யாரும் படிக்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. ஒரு கோடையில் வேலை முடிந்தது. காலை ஆறு மணிக்கு மேலே கரையில் வேட்டியும் கேன்வாஸ் ஷூவுமாக ஆட்கள் நடப்பார்கள். கீழே திடலில் அரக்கும் பச்சையும் ஊதாவுமாகப் பாவுகள் நீண்டிருக்கும். எட்டு மணிக்கு அவற்றைச் சுருட்டிக்கொண்டு போனதும் பந்து விளையாட ஆள் வந்துவிடும். நான் அலுவலகம் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பேன். மையில் நான் போட்ட கோடுகளின் மேல் மனிதர்கள் நடமாடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. பள்ளம் படிப்படியாக நிரம்பி, மேல்படிக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. மூன்றாம் நாள் காலையில் ஓவர்சியரம்மா என்னிடம் அளவுப் புத்தகத்தைக் கொடுத்து, "நீங்க அந்தத் தெருப் புள்ள. உங்கள உள்ள வுடுவாங்க. ஒரு வீடு வுடாம தறிக்குழியைப் பாத்து எழுதிக்கினு வாங்க. கண்ணால பாத்தா பத்தாது, கைய வெச்சிப் பாருங்க" என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து குழியின் அடியில் உள்ளங்கையை வைத்தேன். எல்லாம் காய்ந்த மண். மாமா வீட்டுக் குழியில் எப்போதோ விழுந்த தீக்குச்சி கூட நமுத்துப்போகாமல் கிடந்தது. வீட்டு எண், நேரம், 'ஈரமில்லை' என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் மதகடியில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். என்னை டீக்கடைக்கு அழைத்துப் போய் இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

தெருவில் தண்ணீர் வராததைப் பார்க்க யாரும் வரவில்லை. பூங்காவில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க ஊரே வந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்காகத் தோண்டினார்களோ அந்த வேலையை அந்த இடம் கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தது. அதையே குற்றம் என்றார்கள். "பார்க்குனு சொல்லி கொளம் வெட்டிட்டாங்கப்பா" என்று கரையில் நடந்தபடியே சொன்னார்கள். அவர்கள் நடந்த பாதை சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது. கொசு வரும் என்றார்கள், பாம்பு வரும் என்றார்கள். கவுன்சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அது பத்திரிகையில் வந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்துவிட்டது. வடிந்த பிறகு படம் எடுக்க ஒருவரும் வரவில்லை.

கவுன்சிலரும் நடைக்காரர்களும் மட்டும் கத்தியிருந்தால் ஓவர்சியரம்மா சமாளித்திருப்பார். பள்ளத்தைக் கெடுத்தது நெசவுக்காரர்கள். அதாவது நாங்கள். தண்ணீர் வடிந்த திடலில் விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அதன்மேல் பாவு நீட்டினால் கஞ்சி சொட்டும் இடமெல்லாம் சேறு தெறித்தது. வெளிர் நிறப் பாவில் புள்ளி விழுந்தால் அந்தச் சேலையே போயிற்று. "ரெண்டு ஆளு ரெண்டு நாள் மம்பட்டியில வழிச்சாப் போதும்" என்று ஓவர்சியரம்மா அலுவலகத்தில் எழுதிக் கேட்டார். அந்த இரண்டு ஆளைக் கடைசிவரை கொடுக்கவில்லை. மாமாவும் இன்னும் சிலரும் கவுன்சிலரிடம் போனார்கள். திடலைத் தெரு மட்டத்துக்கு உயர்த்தித் தரவேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். உயர்த்திவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருடம் குழி காய்ந்திருந்ததே, அதனால் குழியின் நினைப்பே அவர்களுக்கு இல்லை. நூலின் மேல் ஒரு துளி சேறு படக்கூடாது என்று பரம்பரையாகக் கவலைப்பட்டவர்கள், பாவைக் காப்பாற்றப்போய்த் தறியை மூழ்கடிக்கத் துணிந்துவிட்டார்கள்.

பெரிய அதிகாரியின் அறையில் கூட்டம் நடந்தது. கவுன்சிலர், மாமாவோடு நாலு நெசவுக்காரர்கள், ஓவர்சியரம்மா, வரைபடச் சுருளைப் பிடித்துக்கொண்டு நான். ஓவர்சியரம்மா குரலை உயர்த்தாமல் பேசினார். மண் கொட்டினால் அடுத்த பெருமழையில் முதலில் நிரம்புவது இவர்களுடைய தறிக்குழிதான் என்றார். கவுன்சிலர் சிரித்தார். "இந்த வருசம் எவ்ளோ மழை! ஒண்ணும் ஆவலியே?" என்றார். "ஒண்ணும் ஆவாததுக்குக் காரணமே அந்தப் பள்ளம்தான் சார். டிரேசர் சார் வீடு வீடாப் போயிப் பாத்திருக்காரு. எல்லாம் புக்குல இருக்குது. அவரையே கேளுங்க" என்று ஓவர்சியரம்மா என் பக்கம் திரும்பினார். அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்குப் படவரைவாளராகப் பதவி உயர்வு கொடுக்கும் கோப்பு அவருடைய மேஜையில் ஒரு மாதமாகக் கிடந்தது. மாமாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள்.

"அது சரியா எழுதல சார். மழையில நனைஞ்சி மையெல்லாம் அழிஞ்சிடுச்சி" என்றேன்.

படியெடுத்துத் தரச் சொல்லி அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் புத்தகம் என் மேஜை இழுப்பறையில் ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் இருந்தது. ஓவர்சியரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மண் கொட்டும் திருத்திய திட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ஒரு வாரத்தில் தெற்கே கடைசி மாவட்டம் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப யாரும் மாலை வாங்கவில்லை. மொபெட்டைக் கழற்றி லாரியில் ஏற்றும்போது நான் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

புதிதாக வரைபடம் போட நேரமில்லை, பழையதையே திருத்து என்றார்கள். மை போட்ட தாளில் திருத்துவதற்கு ஒரே வழிதான் உண்டு. சவர பிளேடைப் பாதியாக உடைத்து, தாள் கிழியாமல், எண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். அவர் வெயிலில் நின்று எடுத்த மட்டங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். படிகளைச் சுரண்டினேன், மதகைச் சுரண்டினேன். சுரண்டிய இடம் தெரியாமல் நகத்தால் வழவழப்பாக்கி மேலே புது எண்ணை எழுதினேன். அந்த வேலையை நான் அழகாகச் செய்தேன் என்று அதிகாரி மெச்சினார். பதவி உயர்வு வந்தது, கல்யாணமும் நடந்தது. இவ்வளவு வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு என்னைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருக்கிறது.

டிப்பர் லாரிகளில் செம்மண் வந்து விழுந்தது. சுற்றுச்சுவர் கட்டினார்கள், நீரூற்று வைத்தார்கள், வாசலில் கவுன்சிலர் பெயரோடு வளைவு கட்டினார்கள். நீரூற்று திறப்பு விழா அன்று ஒரு நாள் வேலை செய்தது. இரண்டு வருடம் சுமாரான மழைதான் பெய்தது. பாவுகள் சேறு படாமல் காய்ந்தன. மாமா என்னிடம், "பாத்தியா, இப்பதான்பா இது பார்க்கு" என்றார். தலையாட்டினேன்.

மூன்றாம் வருடம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாளே கால்வாய்த் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. சுற்றுச்சுவரில் முட்டிய தண்ணீர் போக இடமில்லாமல் நடுத்தறித் தெருவுக்குத் திரும்பியது. நான் மாமா வீட்டுக்குப் போனபோது வாசலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். உள்ளே தறிக்குழி நிரம்பித் தளும்பி, கட்டியிருந்த பாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்காக நெய்துகொண்டிருந்த அரக்குச் சேலை. சேலையின் உடல்பகுதிச் சாயம் வெள்ளை முந்தியில் இறங்கி, மாமி பிழிந்து பிழிந்து விட்ட தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. மாமா பாவை அறுத்தார். நெய்துகொண்டிருக்கும் பாவை அறுப்பதை எங்கள் வீடுகளில் சாவு வீட்டுக் காரியம்போல நினைப்பார்கள். அறுத்த கத்தியைக் கீழே போட்டுவிட்டு மாமா சொன்னது இதுதான்: "அந்தம்மா நோண்டி வெச்சிட்டுப் போச்சே பள்ளம், அதனாலதான்பா இவ்ளோவும்."

எந்தப் பள்ளம்? மூடி இரண்டு வருடம் ஆயிற்றே. மூடச் சொல்லி மனுக் கொடுத்தவரே அவர்தானே. என் வாய்வரை வந்தது. மாமா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். நிவாரண அரிசி கொடுக்க வந்த கவுன்சிலரும் பழைய ஓவர்சியர் போட்ட தப்பான பிளான் என்றே சொல்லிக்கொண்டு போனார். தெரு முழுக்க அதை நம்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை. ஒவ்வொரு முறை குழி நிரம்பும்போதும் ஊரில் இல்லாத ஒரு பெண்ணை வைதார்கள். அவர்களோடு உட்கார்ந்து நான் காப்பி குடித்தேன். சில வீடுகளில் குழியையே மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அதற்கும் அவரைத்தான் வைதார்கள்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். லேப்டாப்போடு வந்த இளம் பொறியாளர் ஒருவர் திரையில் வெளிநாட்டுப் படங்களைக் காட்டினார். பள்ளமான பூங்கா, சுற்றிலும் புல் படிகள், கரைமேல் நடைபாதை. மழையில் ஏரி, வெயிலில் திடல். இதுதான் இப்போது உலகம் முழுக்கப் புதிய முறை என்றார். கோரைப்பள்ளத்து மண்ணை எடுத்துவிட்டு அங்கே செய்யப்போகிறோம் என்றார். மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் அந்தப் பழைய கவுன்சிலர் வெள்ளை வெளேரென்ற சட்டையில் உட்கார்ந்து தட்டினார். எழுந்து மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குழிகளில் கை வைத்துப் பார்த்தது, நனையாத புத்தகத்தை நனைந்தது என்றது, பிளேடால் சுரண்டியது எல்லாம். பழைய கவுன்சிலர், "அதெல்லாம் அந்தக் காலம், உடுங்கப்பா. இப்ப நல்லது நடக்குதில்ல" என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

பழைய ஊழியர் ஒருவர் மூலமாக ஓவர்சியரம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்து மறுநாள் காலையில் பேசினேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, மற்றபடி அதே குரல். மண்டபத்தில் சொன்னதையெல்லாம் மறுபடி அவரிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டேன் மேடம் என்றேன். என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அழுவார் என்றோ, பரவாயில்லை சார் என்பார் என்றோ எதிர்பார்த்திருப்பேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "மண்ணை எடுத்துட்டாங்களா சார்?" என்றார்.

"இன்னும் இல்ல மேடம். கூட்டம்தான் நடந்திருக்குது."

"டெண்டராவது உட்டாங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப எனக்கு இன்னாத்துக்கு போன் பண்றீங்க?" என்றார். "நீங்க அன்னிக்கு வாயைத் தொறந்திருந்தா அந்தத் தெருவுக்கு நல்லது. இப்ப தொறந்தது உங்களுக்கு மட்டுந்தான் நல்லது."

நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டார். ஐப்பசி பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கோரைப்பள்ளத்திலிருந்து ஒரு லாரி மண்கூட இதுவரை வெளியே போகவில்லை.